மாட்டுப்பொங்கல் மேடையில ஹிப்ஹாப்: 25 நிமிசத்துல எதைச் சொல்றது, தப்புக் கொட்டோட எப்படிச் சேக்குறது?

மேலூர்ப்பக்கம்:

அண்ணன்மாருக்கு வணக்கம். மாட்டுப்பொங்கல் ராத்திரி ஊர் மந்தையில மன்றத்து நிகழ்ச்சி. எங்க பசங்களுக்கு 25 நிமிசம் ஒதுக்கியிருக்காங்க. ஹிப்ஹாப் எங்க, எப்படிப் பொறந்துச்சுன்னு அஞ்சு நிமிசம் சொல்லிட்டு மிச்ச நேரம் ஆடிப் பாடிக் காட்டணும். பெரியவங்க "தொப்பியத் திருப்பி வச்சுக்கிட்டு கெட்டவார்த்த பேசுறதுதானப்பா அது"ங்கிறாங்க. கைவசம் இருக்குறது ஒரு லேப்டாப், மைக்செட்காரரோட ரெண்டு மைக்கு, நாலு தப்புக் கலைஞர்கள், சிலம்பம் தெரிஞ்ச ஆறு பசங்க, எழுதுற பையன் ஒருத்தன்.

சந்தேகம் நாலு. ‘பிரேக்’னா என்னன்னு கொட்டு கேட்டு வளந்த கூட்டத்துக்கு எப்படிப் புரியவைக்கிறது? தப்பையும் ஹிப்ஹாப் பீட்டையும் ஒண்ணா ஓடவிட்டா நொண்டியடிக்குதே, ஏன்? தமிழ்ல ராப் எழுதுனா எல்லா வரியும் ‘-றேன், -றேன்’னே முடியுது, என்ன செய்ய? மந்தை மண்தரையா இருக்கு, பிரேக் டான்ஸுக்குத் தரை எப்படிப் போடுறது?

ஊசிமுனை:

தம்பி, பேச்சை நாள், இடம், டிக்கெட் விலையோட ஆரம்பிங்க. கூட்டம் நிமிர்ந்து உக்காரும்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை. பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முன்னாடி புதுத்துணி வாங்கக் காசு சேக்கணும்னு சிண்டி கேம்பெல்ங்கிற பொண்ணு வச்ச ஆட்டக் கொண்டாட்டம். பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50. இசைத்தட்டு போட்டது அவங்க அண்ணன் கிளைவ், வயசு 18, ஜமைக்காவுலேருந்து குடிவந்தவர். பட்டப்பேரு கூல் ஹெர்க். ஹிப்ஹாப்போட பிறந்தநாளா இன்னைக்கும் கொண்டாடுறது இந்தத் தேதியத்தான்.

அந்த ஊர் அப்ப எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வரி சொல்லணும். குடியிருப்புகளுக்கு நடுவுல பெரிய நெடுஞ்சாலைய வெட்டி விட்டதுல அக்கம்பக்கம் சிதறிப்போச்சு, காப்பீட்டுக் காசுக்காகக் கட்டடங்கள் எரிஞ்சுச்சு, 1975ல நகராட்சியே திவாலாகுற நெலமை. கறுப்பினப் பசங்களும் போர்ட்டோ ரிக்கோ பசங்களும் கையில கெடச்ச பழைய தட்டு, பழைய ஸ்பீக்கர வச்சு ஆரம்பிச்சது. பூங்காவுல ஆடும்போது கரண்டு தெருவிளக்குக் கம்பத்துலேருந்து. நம்ம ஊர்ல கொக்கி போடுறதுதான் அது. சொன்னா சிரிப்பாங்க. ஆனா நீங்க அதைச் செய்யாதீங்க.

இப்ப பிரேக். பாட்டுல பாடகர், கிட்டார், எல்லாரும் ஓஞ்சு டிரம்ஸ் மட்டும் தனியா ஓடுற சில நொடிதான் பிரேக். கூட்டம் அந்த இடத்துக்குத்தான் காத்திருக்குதுன்னு ஹெர்க் கவனிச்சார். ஒரே தட்டுல ரெண்டு பிரதி வாங்கி ரெண்டு சுழல்மேசையில (டர்ன்டேபிள்) போட்டு, இதுல பிரேக் முடியுறப்ப அதுல தொடங்கவிட்டு, சில நொடிய அஞ்சு நிமிசமா நீட்டுனார். அந்த பிரேக்குக்கு ஆடுனவங்கதான் பி-பாய், பி-கேர்ள். ‘பி’ வந்ததே பிரேக்லேருந்துதான்.

உங்க கூட்டத்துக்குப் பாடமே எடுக்க வேணாம். கரகாட்டத்துல நாதஸ்வரம் நின்னு தவிலும் பம்பையும் மட்டும் வெளுத்து வாங்குற இடம் இருக்குல்ல, அப்பத்தான விசில் பறக்கும்? "அந்த இடத்த மட்டும் வெட்டி, விடியவிடிய ஓட்டுனா எப்படி இருக்கும்? அதுதான் இது"ன்னு ஒரு வரி போதும்.

இதைத் துல்லியமாக்குனது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தட்டு மேல மெழுகுக் கிரேயானால கோடு போட்டு, எத்தனை சுத்து பின்னால இழுக்கணும்னு கணக்கு வச்சார். கணக்கு எளிசு. நிமிசத்துக்கு 33⅓ சுத்துன்னா ஒரு சுத்துக்கு 1.8 நொடி. பாட்டோட வேகம் நிமிசத்துக்கு 100 தாளத்தட்டுன்னா, நாலு தாளத்தட்டு கொண்ட ஒரு பார் 2.4 நொடி, அதாவது ஒண்ணே மூணுல ஒரு சுத்து. மூணு பாருக்குச் சரியா நாலு சுத்து. தட்டு வழுக்கணும்னு அடியில கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட ஃபெல்ட் துணி. இந்த வேலைக்கு பெல்ட் ஓட்டுற மேசை ஆகாது, கைய எடுத்ததும் வேகம் பிடிக்க நேரமெடுக்கும். 1972ல வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 மாதிரி மோட்டார் நேரா தட்டச் சுத்துறதுதான் டி.ஜே.க்களுக்கு நெலச்சது.

லேப்டாப்புல செய்ய மிக்ஸ்னு ஓர் இலவச மென்பொருள் இருக்கு. ரெண்டு டெக்குலயும் (திரையில தெரியுற சுழல்மேசை) ஒரே ஆடியோவ ஏத்துங்க. பிரேக்கோட முதல் அடியில ஹாட் கியூ (அழுத்துனா அந்த இடத்துக்கே தாவுற குறி) வைங்க. ஒண்ணு ஓடி முடியுறப்ப மறுபக்கம் கியூவ அழுத்தி, அதே நொடியில கிராஸ்ஃபேடரத் (சத்தத்த ஒரு டெக்குலேருந்து மறு டெக்குக்கு மாத்துற தள்ளி) தள்ளுங்க. லூப் பட்டன அழுத்தாதீங்க. கை வேலை தெரியாட்டி கூட்டத்துக்கு அதுல பாக்க ஒண்ணுமில்ல. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேணவே வேணாம், சத்தம் பிந்தி வரும், கையும் காதும் சண்டை போடும். ஒயரு போட்டு மிக்ஸருக்குக் கொடுங்க. பஃபரை (லேப்டாப் சத்தத்தச் சேத்து வச்சு விடுற நேரம்) 10 மில்லிசெகண்டு பக்கம் வைங்க, கொறச்சுக்கிட்டே போனா பொரியும்.

கீழவாசல்:

இதுக்கு எதுக்கு பிராங்ஸ் வரைக்கும் போகணும்? நம்ம திருப்பரங்குன்றத்துலயும் பழமுதிர்சோலையிலயும் அருணகிரிநாதர் பாடுனதுதான் உலகத்தோட முதல் ராப். அதைச் சொன்னாலே பெரியவங்க கைதட்டுவாங்க.

எதுகைக்காரர்:

கைதட்டுவார்கள், ஆனால் அது தவறு. திருப்புகழ் கேட்டு பிராங்ஸில் யாரும் பாடவில்லை. அங்கே வந்த வழி வேறு: ஜமைக்காவின் ஒலிபெருக்கி விழாக்களில் மைக்கில் பேசிப் பாடும் டோஸ்டிங், கறுப்பின வானொலி அறிவிப்பாளர்களின் எதுகைப் பேச்சு, 1960களின் இறுதியில் முரசோடு கவிதை சொன்ன தெருக்கவிஞர்கள். ஹெர்க்கின் மேடையில் மைக் பிடித்த கோக் லா ராக் முதலில் சொன்னதெல்லாம் கூட்டத்தில் நின்ற நண்பர்களின் பெயர்தான்.

ஆனால் திருப்புகழை இலக்கணமாக எடுத்துக்கொண்டால் தமிழ் ராப் எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. பரங்குன்றத்துப் பாட்டு ஒன்றின் சந்தம்:

தனத்த தந்தன தனதன தனதன

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கோ ஒற்று அடுத்த குறிலுக்கோ இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் நாலு, நாலு துண்டு பதினாறு. ‘உனைத்தி னந்தொழு திலனுன தியல்பினை’ என்ற அடி அதில் உட்கார்ந்திருக்கிறது (‘தியல்பினை’யில் லகர ஒற்று மெல்ல ஒலித்து ஓடிவிடும்). ஹிப்ஹாப்பில் ஒரு பார் என்பதும் நாலு தட்டு, தட்டுக்கு நாலு என்று பதினாறு கட்டங்கள்தான். பரம்பரைச் சொத்துத் தகராறு வேண்டாம், கணக்குப் பொருந்துகிறது என்பதே போதும்.

‘-றேன், -றேன்’ நோய்க்கு வருவோம். தமிழில் வினை கடைசியில் வரும், விகுதியும் கடைசியில் வரும். ஆகவே வரி இறுதியில் ஓசை தானாகவே ஒத்துப்போகும். இலவசமாகக் கிடைக்கும் இயைபுக்குக் காது மதிப்புக் கொடுக்காது. ஆங்கில ராப்பில் இறுதி ஓசை உழைத்துப் பெறுவது, அதனால் அங்கே அது இனிக்கிறது. நம் மொழியின் பலம் வரியின் தலைப்பக்கம் இருக்கிறது: மோனை, எதுகை. நாலு தட்டிலும் எதுகை போட்டுப் பாருங்கள்:

ஆத்து – மணலுல – மாடு – மேயுது
காத்து – அனலுல – காடு – காயுது

மேலும் கீழுமாக நாலு நெடுவரிசையும் ஒத்துப்போகின்றன. முதல் வரியில் ‘மணலுல, மாடு, மேயுது’ என்று மோனையும் உண்டு. ‘மேயுது, காயுது’ என்ற இயைபு வருகிறதுதான், ஆனால் மூன்று எதுகைக்குப் பின்னால் வருவதால் அலுக்கவில்லை.

இதில் ஒரு குழி உண்டு. ‘ஆத்து’வும் ‘காத்து’வும் மூன்று கட்டம்தான். நாலாவது கட்டம் மௌனம். அந்த மௌனத்தை விடாமல் ஓடினால் குற்றியலுகரம் விழுந்து ‘காத்தனலுல’ என்று ஒட்டிக்கொள்ளும், அடுத்த சொல் ஒரு கட்டம் முன்னால் வந்து தட்டைத் தாண்டிவிடும். புதிதாகப் பாடுகிறவர்கள் தாளம் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் தாளில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

வேகம் 90 என்றால் ஒரு பார் 2.67 நொடி, பதினாறு பார் கிட்டத்தட்ட 43 நொடி. பதினாறு கட்டத்தையும் நிரப்பினால் நொடிக்கு ஆறு எழுத்து. அந்த ஓட்டத்தில் ழகரமும் றகரமும் முதலில் கரைந்துபோகும். நாலாவது பாரின் கடைசித் தட்டைக் காலியாக விடச் சொல்லுங்கள், மூச்சுக்கு. மைக்கின் வலைத்தலையைப் பொத்திப் பிடிப்பதை வீடியோவில் பார்த்துச் செய்வார்கள், தடுத்துவிடுங்கள். பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி ஊளையிடும், சொல்லும் சேறாகிவிடும்.

தமிழ்ப் பக்கம் சொல்ல வேண்டுமானால் சுருக்கமாக: 1994ல் ‘காதலன்’ படத்தின் பேட்டை ராப், 2006ல் மலேசியாவிலிருந்து யோகி பி. – நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’, 2018ல் சென்னையில் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் வைத்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இதில் மலேசியாவைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். இங்கே சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப் பேர் எடுக்குமுன் அங்கே குழுக்களும் தொகுப்புகளும் வந்துவிட்டன.

கொட்டுச்சத்தம்:

ரெண்டாவது சந்தேகத்துக்கு நான் சொல்றேன். நொண்டியடிக்கிறதுக்குக் காரணம் வேகமில்ல, பங்கு. ஹிப்ஹாப்புல ஒரு தட்ட நாலாப் பங்கு போடுறாங்க. நம்ம குத்து அடி பெரும்பாலும் தட்டுக்கு மூணு பங்கு, திஸ்ரம். நாலும் மூணும் ஒரே நேரத்துல ஓடுனா முதல் அடி மட்டும் சேரும், நடுவுல எல்லாம் உரசும். வேகத்த ஏத்தி எறக்கி இதைச் சரிசெய்ய முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். தப்புக்காரங்கள அவங்க வேகத்துலயே அடிக்கவிட்டு, அரை நிமிசத்துக்கு எத்தனை தட்டு விழுதுன்னு எண்ணுங்க. 80 விழுந்தா நிமிசத்துக்கு 160. மென்பொருள்ல வேகத்த அதுல பாதி, 80ன்னு வைங்க. அப்புறம் பதினாறாம் பங்குக்கு ஸ்விங் (ஜோடி அடியில ரெண்டாவதப் பிந்தவிடுறது) 66 சதவீதம். எம்.பி.சி. (பட்டன் தட்டி பீட் செய்ற பெட்டி) வகைக் கருவிகள்ல 50ன்னா நேர்க்கோடு, 66ன்னா மூணு பங்குல ரெண்டும் ஒண்ணுமாப் பிரியும். அதாவது ஹை-ஹேட்டு (பீட்டுல ‘டிக் டிக்’னு ஓடுற சத்தம்) திஸ்ரத்துல நடக்க ஆரம்பிச்சிரும், தப்பு அதுமேல ஏறி உக்காரும். சில மென்பொருள்ல இந்த அளவு 0 முதல் 100 வரைன்னு வேற மாதிரி இருக்கும். அங்க எண்ணப் பாக்காம, தப்போட பதிவ ஓடவிட்டு உரசல் நிக்கிற எடம் வரைக்கும் திருப்புங்க.

முக்கியமா, தப்புக்காரங்க காதுல கிளிக் சத்தம் மாட்டாதீங்க. நாலு பேரு சேந்து அடிக்கும்போது வேகம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், அதுதான் உசுரு. அதனால லேப்டாப்ப முதல்ல ஓட்டி எட்டு பார் முடிஞ்சதும் நிறுத்திட்டுத் தப்ப உள்ள விடுங்க. பாடுறவன் தப்பு மேலயே பாடட்டும். அந்த இடந்தான் உங்க பிரேக்.

பீட்டுக்குள்ள வைக்கத் தப்புச் சத்தம் வேணும்னா பகல்லயே பதிவு பண்ணிருங்க. தை மாசப் பனியில ராத்திரி தோல் இறங்கிரும், வைக்கோல் மூட்டிக் காய்ச்சுனாலும் கொஞ்ச நேரத்துல மறுபடி தொங்கும். முதல் அடிக்கும் பத்தாவது அடிக்கும் சுதி வேற வேறயா இருக்கும். காய்ச்சுன உடனே, மைக்க ரெண்டடி தள்ளி, தப்பு முகத்துக்கு நேரா இல்லாமக் கொஞ்சம் சாய்ச்சு வச்சு, நடுவுல அடிக்குச்சி, ஓரத்துல அடிக்குச்சி, சிண்டுக்குச்சி உருட்டுன்னு தனித்தனியா பத்துப் பத்து எடுங்க. செல்போன்ல எடுத்தா அதுவே சத்தத்தக் கூட்டிக் கொறச்சு அடியோட முனைய மழுக்கிரும். கலக்கும்போது தப்புல 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிருங்க, கீழ்ச்சத்தம் 808 டிரம் மெஷினோட கிக்குக்கு (‘தும்’முன்னு விழுற பெரிய டிரம்). அந்த ரோலண்ட் டி.ஆர்.-808 பெட்டி 1980ல வந்தப்ப நெசமான டிரம் மாதிரி இல்லைன்னு சரியா விக்கல. பழைய சாமான் கடையில மலிவாக் கெடச்சதாலதான் ஹிப்ஹாப் பசங்க கைக்குப் போச்சு.

இன்னொண்ணு, கேக்காட்டியும் சொல்றேன். அந்த நாலு பேரும் உங்க நிகழ்ச்சிக்குப் ‘பின்னணி’ இல்ல. நோட்டீஸ்ல பேரு போடுங்க, பேசுன பணத்த மேடை ஏறும் முன்னாடி கொடுங்க, சாப்பாடு எல்லாரோடயும் ஒரே பந்தியில. சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டுப் பழகுன ஊர்ல ஹிப்ஹாப் என்னன்னு காட்ட அஞ்சு நிமிசப் பேச்சவிட இது நல்லாக் காட்டும்.

கீழவாசல்:

முதல் ராப்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தச் சந்தக் கணக்கு அசத்தல். ஆனா கைதட்டு நாலு இடத்துல எங்க வரும்? நம்ம கூட்டம் முதல் தட்டுக்குத்தான் தட்டும்.

எதுகைக்காரர்:

சரியான கவனிப்பு. ஹிப்ஹாப்பில் ஸ்னேர் (‘டப்’ என்று கேட்கும் டிரம்) விழுவது இரண்டிலும் நாலிலும். கூட்டம் ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் பாடுகிறவன் குழம்புவான். ஸ்னேர் விழும் இடத்தில் ஒரு சொல்லைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள், ‘டேய்’ என்றோ ஊர்ப்பெயர் என்றோ. கத்துகிற இடத்தில் கையும் தானாக வந்துவிடும்.

ஆறடித்தரை:

தரை விசயம். 8-க்கு 4 அடி பிளைவுட் ஆறு தகடு போட்டா 16-க்கு 12 அடி கிடைக்கும், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஆடத் தாராளம். 12 மி.மீ. கனம் வேணும், 6 மி.மீ. மண்மேல வளையும். முதல்ல மண்ணத் தண்ணி தெளிச்சு திம்சுக்கட்டையால இறுக்கிருங்க. தகடுகளச் செங்கல் அடுக்குற மாதிரி மூட்டு மாத்திப் போட்டா ஓரம் நேரா வராது, ஆனா ஒரே கோட்டுல பிரியாது. மேல லினோலியம் விரிப்பு, ஓரமெல்லாம் அகல டேப். பந்தல்காரர் விரிக்கிற பச்சை மேட்டு வேணாம்: கால் சறுக்காம மாட்டும், கை உரசினா தோல் போயிரும். பனி இறங்குனா லினோலியம் வழுக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும் காஞ்ச துணியால தொடைக்க ஒரு ஆள நிறுத்துங்க. பவுடர் போடுற யோசனைய யாராச்சும் சொன்னா கேக்காதீங்க.

சிலம்பப் பசங்களுக்குக் காலடி வரிசை பழக்கம் இருக்குறதால நின்னு ஆடுற டாப்ராக் சீக்கிரம் வரும். பி-பாய் ஆட்டமும் அப்படித்தான் பல இடத்துலேருந்து எடுத்துச் சேத்தது: ஜேம்ஸ் பிரவுனோட காலாட்டம், லத்தீன் ஆட்டங்கள், குங்ஃபூ படங்கள். ரெண்டு மாசத்துல டாப்ராக், கீழ இறங்குறது, சிக்ஸ்-ஸ்டெப் (கை ஊன்றி ஆறு காலடியில சுத்துறது), பேபி ஃப்ரீஸ் (கையில உடம்பத் தாங்கி அப்படியே உறையுறது), இது போதும். சிக்ஸ்-ஸ்டெப்புல புதுசா ஆடுறவங்க எல்லாருக்கும் வர்ற கோளாறு ஒண்ணு: கால் ஆறு எண்ணும், பாட்டு எட்டு எண்ணும். ஒரு சுத்து முடிஞ்சதும் ரெண்டு தட்டு மிஞ்சும். அங்க ஒரு உதை வச்சு எட்டாக்கிட்டாதான் அடுத்த சுத்து ஒண்ணுல தொடங்கும்.

விண்ட்மில் (முதுகும் தோளும் தரையில உருண்டு சுத்துறது), ஹெட்ஸ்பின் (தலையில சுத்துறது) ரெண்டையும் இந்தப் பொங்கலுக்கு எடுக்காதீங்க. கழுத்து. பயிற்சிக்கு முன்னால மணிக்கட்டுக்குப் பத்து நிமிசம், தரையில விரலப் பரப்பி முன்னும் பின்னும் சாஞ்சு சூடேத்தணும். மணிக்கட்டு வலிச்சா அன்னைக்கு நிறுத்திரணும்.

பெரியவங்க ‘கூத்து’ன்னு சொன்னா, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல பிரேக்கிங் ஒரு போட்டியா இருந்துச்சு, பெண்கள்ல ஜப்பானோட அமி, ஆண்கள்ல கனடாவோட ஃபில் விசார்டு தங்கம்னு சொல்லுங்க. ஒலிம்பிக்ஸ்னா எல்லாரும் அடங்குவாங்க.

உடுப்பு: வேட்டி, கைலி ரெண்டும் கால்ல சுத்தும். வழுக்குற நைலான் டிராக் பேண்ட்தான். அந்த உடுப்பு பிராங்ஸ்ல பிடிச்சுக்கிட்டதுக்கு ஒரு காரணமும் அந்த வழுக்கல்தான். ஹிப்ஹாப் உடுப்புன்னாலே விலையான பிராண்டுன்னு நினைக்க வேணாம். ஹார்லெம்ல 1982ல கடை போட்ட டேப்பர் டான், பெரிய கம்பெனிகளோட சின்னத்தத் தோல்ல தானே அச்சடிச்சு ஜாக்கெட் தச்சார். நம்ம ஊர்ல அதுக்குச் சுங்குடி இருக்கு. நாலு மீட்டர் சுங்குடி வாங்கி, கள்ளழகர் வேசத்துக்குத் துணி தைக்கிற புது மண்டபத்துத் தையல்காரங்ககிட்ட (கடைகள் இப்ப குன்னத்தூர் சத்திரத்துல) ரெண்டு ஜாக்கெட்டு தைக்கச் சொல்லுங்க. வெட்டுறதுக்கு முன்னால தனியா ஒரு தண்ணியில அலசிரணும். பருத்தி சுருங்கும், சாயமும் விடும், வெள்ள பனியன் மேல போட்டா புள்ளி அதுக்கும் வந்துரும்.

மேலூர்ப்பக்கம்:

அண்ணே, நெறஞ்ச மனசு. ஸ்விங் 66 வச்சுப் பாத்தோம், ஒட்டிக்கிச்சு. இன்னும் மூணு கேள்வி. மந்தைச் சுவத்துல கிராஃபிட்டி வரையலாமா? யூடியூப்ல ஏத்துனா பழைய அமெரிக்கப் பாட்டோட பிரேக்குக்குப் பிரச்சினை வருமா? லேப்டாப்ப மிக்ஸர்ல சொருகுனா ‘ம்ம்ம்’னு ஒரு இரைச்சல், அது என்ன?

ஊசிமுனை:

சுவர் வேணாம் தம்பி. அனுமதியில்லாமச் சுவத்துல எழுதுறது தமிழ்நாட்டுல 1959 சட்டப்படி குத்தம். மிஞ்சுற பிளைவுட்டுல வெள்ளையடிச்சு மேடையோரம் நிறுத்தி, நிகழ்ச்சி நடக்கும்போதே வரையட்டும். தமிழெழுத்த வளைக்கிறப்ப கொம்பும் புள்ளியும் தெரியணும். அது காணாமப் போனா படிக்க முடியாது, வெறும் கொடி.

யூடியூபுக்குப் பாட்டோட பிரேக்க அப்படியே வச்சா உரிமைக்காரங்க கோரிக்கை தானா வந்து விழும். 1991லயே நியூயார்க் நீதிமன்றம், அனுமதியில்லாம எடுத்த ஒரு துண்டுக்காக ஒரு ராப் தொகுப்ப நிறுத்திவைக்கச் சொல்லிருச்சு. மேடையில அமெரிக்க பிரேக் ஓடட்டும், ஏத்துற வீடியோவுல கொட்டுச்சத்தம் அண்ணன் சொன்ன மாதிரி எடுத்த தப்பு பிரேக் மட்டும் இருக்கட்டும், தப்புக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.

இரைச்சல் சார்ஜர்லேருந்து வருது. 25 நிமிசம்தான, சார்ஜரப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டுங்க. அப்பயும் நிக்காட்டி மைக்செட்காரர்கிட்ட டி.ஐ. பாக்ஸ் (இரைச்சலத் தடுக்க நடுவுல மாட்டுற பெட்டி) கேளுங்க. சீரியல் செட்டுக்கும் உங்க சத்தத்துக்கும் ஒரே லைன் வேணாம்னும் சொல்லி வைங்க. போலீஸ் ஸ்டேஷன்ல ஒலிபெருக்கிக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியாச்சான்னு பாருங்க, ராத்திரி 10 மணிக்கு மேல ஓட்ட விடமாட்டாங்க. அதனால உங்க 25 நிமிசத்த எட்டரைக்கே கேளுங்க, ஒம்பதரைன்னு போட்டா முன்னால பேசுறவங்க முழுங்கிருவாங்க.

கொட்டுச்சத்தம்:

ஜெனரேட்டர் மேடைக்கு எந்தப் பக்கம் வருதோ, தப்புக் காய்ச்சுற தீ அதுக்கு எதிர்ப்பக்கம். வைக்கோல் பக்கத்துல ரெண்டு குடம் தண்ணி.

மேலூர்ப்பக்கம்:

சரிண்ணே. தீ வடக்க, ஜெனரேட்டர் தெக்க.